மரத்தூள் அடைத்த துளை

தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தம்பி மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"அண்ணே, தண்ணி கேட்டேனே, குடுத்தியா?"

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். பாதி காலியாகியிருந்தது. கொடுத்தாயிற்று என்று முதல் தடவை சொன்னபோது தம்பி அசடு வழியச் சிரித்தான். இரண்டாவது தடவையும் அதே அளவு சிரித்து, அதே இடத்தில் நிறுத்தினான். இப்போதும் அந்தச் சிரிப்பு வருமா என்று அண்ணன் காத்திருந்தார். வந்தது.

மதியம் மூன்று மணி. கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் தம்பி படுக்கையறை வாசல் நிலையில் மாட்டிய உடற்பயிற்சிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். ஏழாவதில் கம்பியின் ஒரு முனை நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்மண்டை தரையில் பட்ட சத்தம் பெரிதாக இல்லை. தடித்த புத்தகத்தை மேசையில் போட்டதுபோல் ஒரு டொப். ரத்தமும் இல்லை. தானே எழுந்து உட்கார்ந்தான்.

கம்பியை மாட்டிக் கொடுத்தவர் அண்ணன். முப்பது வருஷத் தச்சர். மாட்டும்போது ஒரு பக்கத் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வேறு இடத்தில் புதிதாகத் துளைத்து நீளமான ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும். அவரோ மரத்தூளைப் பசையில் குழைத்துத் துளையை அடைத்து, அதற்குள்ளேயே ஸ்க்ரூவை முறுக்கி, மேலே வார்னிஷ் தடவிவிட்டார். சட்டை மாட்டும் கொக்கி என்றால் அந்த அடைப்பு தாங்கும். ஆள் தொங்கினால் தாங்காது. தெரிந்தேதான் செய்தார். அதற்கு முந்தின நாள் தம்பி, தன் மனைவியின் முன்னாலேயே அவர் தொப்பையைத் தட்டி, "அண்ணன் தொங்குனா கம்பி வராது, வீடே வரும்" என்றிருந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவனும் ஒருநாள் பொத்தென்று உட்காரட்டும், நாமும் சிரிப்போம். அவர் நினைத்தது அவ்வளவுதான்.

தலை கனக்கிறது, கொஞ்சம் சாய்கிறேன் என்றான் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற கேள்வி அண்ணனின் வாய்வரை வந்தது. எப்படி விழுந்தான் என்று அங்கே கேட்பார்கள். ஆறு மணிக்குக் கடையிலிருந்து தம்பி மனைவி வருவாள். அவளும் தச்சர் வீட்டுப் பெண். துளையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூளைப் பார்த்தாலே போதும், எல்லாவற்றையும் படித்துவிடுவாள்.

"படுத்துக்கடா," என்றார்.

தம்பி கட்டிலில் சாய்ந்தான். அண்ணன் ஸ்டூலைப் போட்டு நிலையருகே ஏறினார். சிற்றுளியால் பழைய அடைப்பைச் சுரண்டச் சுரண்ட மரத்தூள் அவர் மூக்கில் ஏறியது. புழுக்கமும் பசை நாற்றமும் தம்பியின் வியர்வை வாடையும் கலந்த அந்த அறையில், திரைச்சீலையின் நிழல் கட்டில்மேல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் குறட்டை தொடங்கியது. ஆழமான, ஈரமான, ஒவ்வொரு முறையும் தொண்டையின் அடியிலிருந்து எதையோ இழுத்து வருவதுபோன்ற குறட்டை. தம்பி குறட்டை விடுபவன் அல்ல.

தூங்குகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். கடவுளே, இவன் ஆறு மணிவரை இப்படியே தூங்கட்டும் என்று வேண்டவும் செய்தார். அந்த மதியத்தில் கருணை அவரிடம் கேட்டது மிகச் சிறிய வேலை. ஸ்டூலிலிருந்து இறங்க வேண்டும். தோளைத் தொட்டு, டேய் தம்பி, கண்ணைத் திறடா என்று சொல்ல வேண்டும். எழவில்லையென்றால் வாசலுக்குப் போய் யாரையாவது கூப்பிட வேண்டும். பத்தடி தூரம்.

அவர் புதுத் துளை போட்டார்.

புளித்த நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தார். தலையணை வாந்தியில் நனைந்திருந்தது. ஓர் இமை பாதி திறந்திருந்தது. உள்ளே கறுப்பு மட்டும். மை கொட்டியதுபோல் விழி முழுக்கப் பரவியிருந்தது. இறங்கினார். போர்வையை இழுத்து அந்தக் கண்ணை மூடினார். மறுபடி ஏறினார்.

ஸ்க்ரூ இறங்கியது. ஒன்று. இரண்டு.

குறட்டைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. நின்றது.

பிறகு வந்தது. முன்னைவிடச் சத்தமாக.

நான்காவது ஸ்க்ரூவும் இறங்கியது. வார்னிஷ் தடவினார். தரையைத் துடைத்தார். தூள் ஒரு பொட்டு இல்லை. கம்பியில் தொங்கிப் பார்த்தார். இம்மி அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. போதும், எழுப்பிவிடலாம் என்று கட்டிலருகே போனார்.

போன் அடித்தது. தம்பி மனைவி.

"மாமா, அவரு போனே எடுக்க மாட்டேங்கிறாரு. என்ன பண்றாரு?"

"தூங்குறான்மா."

போர்வையை விலக்கினார். உதடுகள் ஒட்டியிருந்தன. பற்கள் கிட்டியிருந்தன. தோளைத் தொட்டார். சில்லென்றிருந்தது. நெஞ்சில் கை வைத்து அழுத்தினார். ஏறவில்லை. இறங்கவில்லை. உள்ளே துடிப்பு இல்லை.

குறட்டை மட்டும் நிற்கவில்லை. அவர் உள்ளங்கைக்கு அடியிலிருந்து, அசையாத அந்த நெஞ்சிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

போனில் அவள் சிரித்தாள்.

"இங்க வரைக்கும் கேக்குது, மாமா. பாவம், எழுப்பாதீங்க."