உப்புக் காப்பு

மண் கூசாவில் ஊற்றிவைத்த தண்ணீர் உப்புக் கரித்தது. தில்லையடி வீட்டுக் குசினி அடுப்படியில், அந்தி மங்குகிற நேரத்தில், ஒரு வாய் குடித்த றிஷ்னா அப்படியே துப்பிவிட்டாள். உம்மா சபூரா அதே கோப்பையை வாங்கி மடமடவென்று குடித்தாள். நல்ல தண்ணிதானே, காய்ச்சல் வரப்போகுது, ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு படு என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் மரணம் நடந்த மையித்து வீட்டுக்குப் புறப்பட்டாள்.

தனியே நின்றவளுக்கு நேற்றுப் பின்னேரம் ஞாபகம் வந்தது. மாமி மகள் சுல்பாவும் அவளும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். சுல்பாவின் மாப்பிள்ளை கட்டாரிலிருந்து அனுப்பிய கதை விளையாட்டு என்றால் இரண்டு பேருக்கும் சாப்பாடும் வேண்டாம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, பகடை உருட்டி, வாயாலேயே கடலும் மலையும் தாண்டுகிற விளையாட்டு அது. அதற்கொரு புதுப் புத்தகம் போன மாதமே வந்துவிட்டதாம்: புதுப் பாத்திரங்கள், புது மந்திரப் பொருட்கள். நேற்றுத்தான் வெளியில் எடுத்தாள், அதையும் கையில் தரவில்லை. றிஷ்னா அதிலிருந்து தோணிக்காரிப் பாத்திரத்தைக் கேட்டாள். சுல்பா சரியென்று தலையாட்டிவிட்டு, தன் பாத்திரம் போட்டிருந்த உப்புக் காப்பைக் கழற்றித் தருவதாகச் சொன்னாள். போட்டவள் கடலில் தாழமாட்டாளாம்.

என்ன கொடுத்தாலும் நிக்காஹ் மாப்பிள்ளை மாதிரிக் குரலைத் தடிப்பாக்கி "கபூல்", ஏற்றுக்கொண்டேன், என்று சொல்லி வாங்குவது அவர்களின் பழைய பகிடி. நேற்றும் றிஷ்னா அப்படியே சொன்னாள். சுல்பா சிரிக்கவில்லை. எழும்பிப் போய், ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். எவ்வளவு நாள் தாகமோ, குடிக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வடிந்தது.

மஃரிபுத் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்தது. உப்பளப் பக்கமிருந்து வருகிற காற்றில் எப்போதும் இருக்கிற அந்த உவர் வாடைக்குள் இன்று வேறொரு வாடையும் கலந்திருந்தது, நெடுநாள் தண்ணீரில் ஊறிய சீலையின் வாடை. அதன் பின்னாலேயே, நனைந்த வலையை யாரோ மணலில் மெல்ல இழுத்துவருவது போன்ற சத்தம் வேலியோரம் தொடங்கி, கிணற்றடியில் நின்று, பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்தது. றிஷ்னா லைட்டைப் போட்டாள். அவளுடைய வலது மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

கழுவினாள். போகவில்லை. தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தடித்தது.

நேற்று அந்தப் புழுக்கத்திலும் சுல்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாளே. றிஷ்னா போனை எடுத்தாள். அந்தப் பக்கம் டீவிச் சத்தம் கேட்டது. அந்தக் காப்பு என்ன, உண்மையைச் சொல்லு என்று கெஞ்சினாள்.

"காப்புப் போட்டவள அது வந்து கூட்டிக்கொண்டு போகும் மச்சி," என்றாள் சுல்பா. "தப்ப வேணுமெண்டா இன்னொருத்திக்குக் குடுக்கணும். நம்மள நம்புறவளுக்கு மட்டுந்தான் குடுக்கலாம், அவ வாயால ஏத்துக்கொள்ளவும் வேணும். என்னை நம்பினது நீ ஒருத்திதானே."

போன் வைக்கப்பட்டது.

பாவி. தலைப்பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது அவளுக்கு இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தவள் றிஷ்னா. கஞ்சி ஊட்டினவள். முடி கோதிவிட்டவள். பயத்தைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது.

குசினிக் கதவு திறந்தது. பூட்டியிருந்த கதவு.

அதே நேரம் முன்கதவைத் தட்டினார்கள். "மகள், கதவத் தொற."

உம்மா. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை நின்றது.

உம்மா அவளை நம்புவாள். எதை நீட்டினாலும் வாங்குவாள். ஏன் என்றுகூடக் கேட்கமாட்டாள். இதை வாங்கிக்கொள்ளுங்க உம்மா. அவ்வளவுதான். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பல்லைக் கடித்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

பின்னால் ஈரக் காலடி. குசினியில். அறையில். முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

"மகள்? ஏன் தொறக்கிறா இல்ல?"

குளிர்ந்த விரல்கள் அவளுடைய மணிக்கட்டை, அந்த வெள்ளை வளையத்தின் மேலேயே, சுற்றிப் பிடித்தன. காதோரம் தண்ணீர் சொட்டியது. பிறகு அவளுடைய குரலிலேயே, மாப்பிள்ளை மாதிரித் தடித்து, யாரோ சொன்னார்கள்.

"கபூல்."