நீலக்கரைத் துண்டு

"அவுகள நீதானடி வீட்டுக்குக் கூப்பிட்ட?"

"ஒரு வார்த்தைக்குச் சொன்னேன். யார்ட்ட பேசி முடிச்சாலும் நம்ம பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்கன்னு சொல்றதுதான? நீயுந்தான் ஆட்டோக்காரர்ட்ட சொன்ன."

"ஆட்டோக்காரர் காஞ்ச சட்டை போட்டிருந்தாரு."

சொன்ன தங்கமாரியும் சிரிக்கவில்லை, கேட்ட ஜீவிதாவும் சிரிக்கவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல் கொடியில் தொங்கிய நீலக்கரைத் துண்டையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதத்து உச்சிவெயில். அருப்புக்கோட்டையில் அந்த வெயிலுக்கு ஜமுக்காளத்தை நனைத்துப் போட்டாலும் அரைமணி நேரத்தில் அப்பளமாகிவிடும்.

துண்டு காலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று ஜீவிதா யாரையும் கேட்கவில்லை. கரைக்குள் ஒற்றைச் சிவப்பு இழை ஓடியது. வீட்டு உபயோகத்துக்கு நெய்யும் துண்டில் மட்டும் அவள் அப்பா வேங்கடபதி போடும் இழை. அந்தத் துண்டை அவள் மூன்று வாரத்துக்கு முன் கடல் கடந்து ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பக்கத்திலேயே ராமேஸ்வரம் இருக்க, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தே ஆகவேண்டும் என்று தோழி சுகந்தி ஒற்றைக்காலில் நின்றதால் போன பயணம் அது. வெள்ளிக்கிழமை மதுரையில் விமானம் ஏறி, மறுநாள் காலை மட்டக்களப்புப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் இறங்கினார்கள். கண்ணாடியை உருக்கி ஊற்றியதுபோல் கடல். சுகந்தியும் தங்கமாரியும் தண்ணீரில் கிடக்க, ஜீவிதா தாழை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

நனைந்த சேலையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"பிள்ள, ஒரு துவாய் இருந்தாத் தாங்க."

துண்டைத்தான் கேட்கிறாள் என்று கை நீண்டதில் தெரிந்தது. கொடுத்தாள். அந்தப் பெண் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்டக் கூந்தலிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"உங்கட ஊர்ல கடல் சத்தம் கேக்குமா?"

"எங்க ஊருல கடலே கிடையாதுக்கா. தறிச்சத்தந்தான் கேக்கும். காத்துகூட காஞ்ச காத்து. எங்கப்பாவுக்கு இழுப்பு. அந்தக் காத்துலதான் அவர் வண்டி ஓடுது."

"நல்ல ஊர்," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

"அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க."

"வரலாமா?"

"அட, வாங்கக்கா."

தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் அன்று மாலை இதைச் சொன்னபோது, அவர் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் கரையில ஆக்கள் இல்ல, பிள்ள. சுனாமிக்குப் பிறகு ஒருத்தரும் வீடு கட்டல்ல." பிறகு கேட்டார். "ஊர்ப் பேர் சொன்னீங்களா?"

திரும்பி வந்த வாரமே தீப்பெட்டி நமுத்தது. அப்பாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறியது. தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. தெருவோரத்தில் ஒரு நாள் ஈரக் காலடி. அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு காலடி வீட்டை நோக்கிக் கூடியது. வெயிலில் எதுவும் காயவில்லை.

இன்று வாசற்படிக்குக் கீழே.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கமாரி காலையில்தான் வேங்கடபதிக்கு ஆவி மருந்து வைத்து மூச்சைத் திருப்பியிருந்தாள்.

"இன்னொரு தடவை இப்பிடி இழுத்துச்சுன்னா தாங்க மாட்டாருடி. ஈரம் அவருக்கு விஷம். உள்ள வராதன்னு சொல்லிரு."

"கூப்பிட்டு வந்தவுகள எப்பிடிடி போகச் சொல்றது?"

"அப்பாவப் பாரு. அப்புறம் மருவாதியப் பாரு."

ஜீவிதா எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அப்போது கரண்டு போனது.

தெருவின் விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவ்வளவு நாளும் அந்தத் தடதடப்புக்கு அடியில் கிடந்த சத்தம் இப்போது தனியாகக் கேட்டது.

அலை.

மெல்ல ஏறி, ஒரு கணம் நின்று, சரிந்து இறங்கியது. உள்ளே கட்டிலில் அப்பாவின் நெஞ்சும் அதே கணக்கில் ஏறி, நின்று, இறங்கியது.

தங்கமாரி கட்டிலுக்கு ஓடினாள். "ஜீவி, மூச்சு கம்மியாகுதுடி," என்றாள், குரலே இல்லாமல்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே கசிந்தது. பாசி வாடை.

"யாரும்மா வாசல்ல?" அப்பா திணறித் திணறிக் கேட்டார். "வெயில்ல நிக்கிறாகள்ல... உள்ள வரச் சொல்லும்மா."

அலமாரியில் மடித்து வைத்த துண்டுகள் இருந்தன. ஜீவிதா ஒன்றை எடுத்தாள். மற்றதெல்லாம் நமுத்திருக்க, வீட்டிலேயே காய்ந்திருந்த ஒரே துணி அதுதான். கொடுத்தால் கதவைத் திறக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பெண் நனைந்தபடி அங்கேயே நிற்பாள். ஜீவிதாவின் கை தாழில் போய் நின்றது. மரம் சில்லென்றிருந்தது.

வெளியே, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேரே, அந்தக் குரல்.

"பிள்ள, நீங்க தந்தது நனைஞ்சு போச்சு. காஞ்ச துவாய் ஒண்டு தாறீங்களா?"