மாற்றி வைத்த மூச்சு

மழை விட்ட சாயங்காலம். குமாசி நகரில் அடும் என்ற கடைத்தெருவின் சந்துக்குள் அம்மாவும் நானும் நுழைந்தபோது பழுது பார்க்கும் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பாரிமா என் அக்காவின் லேப்டாப்பைத் துணியால் துடைத்து நீட்டினார். சார்ஜர் செருகும் இடம் ஆடுகிறது என்று மட்டும்தான் கொடுத்திருந்தோம்.

"இனிமே சத்தமே வராதும்மா. உள்ள இருந்த ஃபேன் பல்லு போன கிழவி மாதிரி கரகரன்னு புலம்பிக்கிட்டு இருந்துச்சு. வேற போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது.

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"இதுக்கெல்லாம் கேப்பாங்களா? நல்லதுதானே செஞ்சேன்!"

அட்வோவா அக்காவுக்கு மூச்சிரைப்பு. லேப்டாப்பை நெஞ்சின்மேல் வைத்தபடியே தூங்கிப்போவாள். அவள் மூச்சும் கரகரக்கும், அந்த ஃபேனும் கரகரக்கும். எது எது என்று பிரிக்க முடியாது. ஒரு விடியற்காலையில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அம்மா அதைத் தலைமாட்டில் ஓடவிட்டால்தான் கண்ணை மூடுவாள். "அட்வோவா" என்று கூப்பிட்டால் கரகரப்பு ஒரு கணம் நின்று மறுபடி ஓடும். நான் நம்பியதில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா லேப்டாப்பைத் திறந்து காதை வைத்தாள்.

சத்தமே இல்லை.

பிறகு வாசனை வந்தது. எங்கள் வீட்டுத் தூசியின் வாசனை அல்ல. நனைந்த சாம்பல். கருகிய துணி.

அதன் பின்னால் ஒரு மூச்சு. நீளமாக, கனமாக. ஆம்பளை மூச்சு.

"அட்வோவா?"

அது நிற்கவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே அம்மா வாசலில் நின்றாள்.

"பழசக் குடுத்துடுங்க மாஸ்டர்."

"அதுக்கு எண்ணெய் விட்டு நேத்தே ஒருத்தர் மெஷின்ல போட்டுட்டேனே. அவரு வடக்கே தமாலே ஊருக்கு பஸ் ஏறிட்டாரு. பேரு, நம்பர் எதுவும் வாங்கல."

"அவரையாவது கேட்டீங்களா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "இங்க எதையும் எறிய மாட்டோம்மா. ஒண்ணுலேர்ந்து கழட்டி இன்னொண்ணுல போடுவோம். தொழிலே அதான்."

அம்மா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தாள். "அது என் பிள்ளையோட மூச்சுடா! எந்த வீட்ல கொண்டுபோய் விட்ட?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்த ஃபேன் யாரோடது?" என்று நான் கேட்டேன்.

"தீப்பிடிச்ச வீட்டுச் சாமான் மூட்டையா வந்துச்சு. ஆளு யாருன்னு தெரியாது பாப்பா."

அவசரமாகத் திருகாணிகளைக் கழற்றி அந்த ஃபேனைப் பிடுங்கித் தெருச் சாக்கடையில் எறிந்தார். எதையும் எறியாத மனிதர். வெறும் கூட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்று மாலை மின்சாரம் போனது.

இருட்டில் சாம்பல் வாசனை.

மூச்சு, இந்த முறை லேப்டாப்பிலிருந்து வரவில்லை. அக்காவின் மெத்தையிலிருந்து வந்தது.

"அபெனா, தண்ணி கொண்டா" என்றாள் அம்மா என்னிடம்.

எங்களில் ஒவ்வோர் உயிருக்கும் அது பிறந்த கிழமையின் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி நீர் விட்டால் செத்தவர்கள் காது கொடுப்பார்கள். வாசற்படியில் நீரை ஊற்றி அம்மா திங்களிலிருந்து ஒவ்வொரு கிழமையின் ஆண் பெயராகக் கூப்பிட்டாள்.

"குவாஜோ... குவாபெனா... குவாக்கு... யாவ்..."

மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

"கோஃபி."

நின்றது.

இழுத்த மூச்சை விடாமல் யாரோ காத்திருந்தார்கள்.

"போகச் சொல்லும்மா" என்று கிசுகிசுத்தேன். "சீக்கிரம் சொல்லு."

அம்மா மெத்தைப் பக்கம் திரும்பினாள். "எங்க போகச் சொல்ல? அவன் வீடுதான் எரிஞ்சுபோச்சே."

"அம்மா!"

"அங்க நம்ம அட்வோவாவும் இப்படித்தான்டி ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு நிப்பா. நான் இவன விரட்டினா அவள அங்க விரட்டுவாங்க."

இருட்டிலேயே தடவிப்போய் அக்காவின் போர்வையை மெத்தையில் விரித்தாள்.

"படுத்துக்கோ கோஃபி."

மூச்சு மெல்ல வெளியே வந்தது.

இப்போதெல்லாம் காலையில் அந்தப் போர்வையை நான்தான் உதறுகிறேன். சாம்பல் கொட்டுகிறது. தலையணையில் ஒரு குழி. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வடக்கே போய்வரும் பஸ்கள் நிற்கும் நிலையத்துக்குப் போய்விடுவாள். லேப்டாப் பையோடு இறங்குகிறவர்களிடமெல்லாம், "உங்க மெஷின் கரகரக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று அவள் திரும்ப நேரமாகிவிட்டது. நான் தனியாகச் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் மெத்தையில் மூச்சு நின்றது.

பின்னாலிருந்து, புகையில் கம்மிப்போன குரல்:

"அபெனா."

பெயரைக் கேட்டதும் என் மூச்சு நின்றது.