மர்சலின் போடாத கையெழுத்து

ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது தங்கத்தின் அலுவலகம். வெள்ளிக்கிழமை மதியம் படியேறி வந்த மர்சலினுக்கு மூச்சு வாங்கியது. பதினெட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்குகிற வயதில்லை அவளுக்கு. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்கும் வாங்கும்.

"கதவைச் சாத்திடலாமா?" என்றாள் முதலில். பேர் சொன்னது அதற்கப்புறம்தான்.

தங்கம் தலையசைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகக் குளிர்பதனக் கிடங்குகளுக்குப் போய், கெட்டுப்போன மீன் எது, கெடாமலே நஷ்டஈடு கேட்கிற மீன் எது என்று பிரித்துச் சொன்னவர். இப்போது மனிதர்கள் விஷயத்தில் அதே வேலையைச் செய்கிறார். உதவிக்கு இருந்த அமீன் சட்டம் படித்தவன். துப்பறிவதை விட்டுவிட்டு வக்கீலாகப் போகச் சொல்லி அவன் வீட்டில் தினமும் பாட்டு விழுகிறது.

"எங்க அண்ணன் ஃபிரெட்ரிக் நந்தனத்துல சின்னதா ஒரு மருந்து கம்பெனி நடத்துறார். அலையாத்தின்னு பேரு," என்று தொடங்கினாள் மர்சலின். "சர்க்கரை நோய்க்காரங்களுக்குக் கால்ல ஆறாத புண் வருமில்ல, அதுக்கு ஒரு மருந்து. இன்னும் கடைக்கு வரல. நான் காலேஜ்ல காமர்ஸ் சொல்லிக்குடுத்துட்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டாருன்னு வேலையை விட்டுட்டு வந்து கணக்குப் பார்க்கிறேன்."

"கம்பெனி எப்படிப் போகுது?"

"வருமானம்னு ஒரு ரூபா கிடையாது மேடம். போன வருஷம் செலவு மட்டும் பதினோரு கோடி. மருந்து வெளிய வர்ற வரைக்கும் எல்லா வருஷமும் நஷ்டம்தான், அது எல்லாருக்கும் தெரிஞ்சது. மும்பையில ஒரு முதலீட்டு நிறுவனம் பணம் போடுது. கையில இருக்கிறது பொங்கல் வரைக்கும் வரும். அடுத்த தவணை ஒன்பது கோடி. இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டம். வருஷக் கணக்கோட சேர்த்து நான் ஒரு உறுதிமொழி குடுக்கணும். கம்பெனியோட நிலைமையைப் பாதிக்கிற எதுவும் இன்னிக்குத் தேதி வரைக்கும் நடக்கலன்னு. அதுல என் கையெழுத்து விழுந்தாதான் பணம் வரும்."

"போட வேண்டியதுதானே?"

மர்சலின் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "காலைல ஒன்பதரை மணிக்கு ஒரு போன் வந்துச்சு. தெரியாத ஆளு. 'யம்மா, ஃப்ரீஸர்ல கீற மருந்து செத்துப்போச்சு. நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கினு இருக்காத. மாட்டினா நீதான் உள்ள போவ' அப்படின்னான். யாருன்னு கேட்டேன், வச்சுட்டான். திரும்பக் கூப்பிட்டா ஆஃப்."

"பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல யாரோ 'எதை எடுத்தாலும் நூறு, எதை எடுத்தாலும் நூறு'ன்னு கத்திட்டே இருந்தான். அதுக்கு நடுவுலதான் இவன் குரல்."

அமீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "இன்னா மேடம் இது, ரவுடிங்க வேலைதான். இவங்க கம்பெனியை வாங்க வேற யாராச்சும் கேட்டிருப்பாங்க, பாருங்க."

"ஹைதராபாத்துல ஒரு பெரிய கம்பெனி அடிமாட்டு விலைக்குக் கேட்டுச்சு. அண்ணன் முடியாதுன்னுட்டார்," என்ற மர்சலினின் முகம் இன்னும் வெளுத்தது. அமீன் 'பார்த்தீர்களா' என்பதுபோல் தங்கத்தைப் பார்த்தான்.

தங்கம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "மருந்து நிஜமாவே கெட்டிருந்தா என்னம்மா ஆகும்?"

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில சோதனைக்காக நாற்பது பேருக்குப் புண்ணுல வைக்கப் போறாங்க. ஒரு தடவை உருகிட்டா அது மருந்தே இல்லைன்னு எங்க லேப்ல இருக்கிற ஜொவிட்டா சொல்லியிருக்கா. சீழ் பிடிச்சு, காலை எடுக்கிற வரைக்கும் போகலாமாம். நான் கையெழுத்துப் போட்டு அப்படி ஆச்சுன்னா எனக்கு ஜெயில்தான். போடலைன்னா முப்பது பேருக்கு வேலை போயிடும், அண்ணனோட பன்னிரண்டு வருஷம் போயிடும். நாலு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும் மேடம். ரொம்பப் பயமா இருக்கு."

*

அலையாத்தி ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. புதன்கிழமை ஆயுத பூஜை, வியாழன் விடுமுறை. மாவிலைத் தோரணம் இன்னும் வாசலில் தொங்கியது. உடைத்த பூசணிக்காயின் சிவப்புக் கறை படியோரத்தில் காய்ந்திருந்தது. தினமும் பார்க்கிற வாசல்தான். இன்றைக்கு அந்தச் சிவப்பைத் தாண்ட மர்சலினுக்குக் கால் கூசியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

ஃபிரெட்ரிக் தங்கத்தையும் அமீனையும் நல்லபடியாகவே வரவேற்றார். உயரமான, ஒல்லியான மனிதர். தாடியை மழிக்க நேரமில்லாத முகம். "யாரோ விளையாடுறாங்க. இவ சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி," என்று தங்கையின் தோளைத் தட்டினார். "ஃப்ரீஸர் நல்லா ஓடுது, பாருங்க. மைனஸ் நாற்பது. லீவுல இங்க ஒரு ஈ காக்கா வரல. சாவி மூணே பேர்கிட்டதான். நான், ஜொவிட்டா, பாலகணேஷ்."

அந்தக் குளிர்பெட்டி செலவைக் குறைக்கப் பழையதாக வாங்கியது. கதவோரத்து ரப்பர் தேய்ந்திருந்தது. ஆனாலும் உறுமிக்கொண்டு ஓடியது. வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு கருவி பக்கத்துச் சுவரில் இருந்தது. அமீன் அதன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். புதன் மாலை ஆறு மணியோடு பதிவு நின்று, வியாழன் மதியம் மூன்று மணிக்கு மறுபடி தொடங்கியிருந்தது. நடுவில் வெற்றிடம்.

"அது ஒண்ணுமில்ல," என்றார் ஃபிரெட்ரிக். "பூஜைக்காகக் கருவிகளை எல்லாம் அணைச்சு வச்சோம். அதுவும் அதுல ஒண்ணு."

தங்கம் சரி என்றார். பிறகு கண்காட்சிக்கு வந்தவரைப்போல ஒவ்வொரு கருவியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். தராசு, நுண்ணோக்கி, சுழலும் இயந்திரம், சுவரில் மின்சார மெயின் பெட்டி, எல்லாவற்றிலும் சந்தனம் காய்ந்து வெளுத்து, அதன் நடுவில் குங்குமம் இருந்தது. குளிர்பெட்டிக் கதவில் குங்குமம் பெரிய வட்டமாகவும், நடுவில் சந்தனம் ஒரு புள்ளியாகவும் இருந்தன. பூஜைத் தட்டு இன்னும் ஜன்னலோரத்தில் கிடந்தது.

"அழகா வச்சிருக்கீங்க. யாரு வச்சது?"

"நானும் பாலகணேஷும்தான் மேடம்," என்றாள் ஆய்வகப் பொறுப்பாளர் ஜொவிட்டா. "நான் வேதக்காரிதான். ஆனா வீட்டுக்காரர் இந்து. பத்து வருஷமா மாமியார் வீட்டுல வச்சுப் பழக்கம்."

பாலகணேஷ் அந்தக் கம்பெனியின் பராமரிப்புக்காரன். அவன் குடும்பத்துக்கு தி. நகரில் பாத்திரக் கடை. "எங்க கடையில எப்படியோ அப்படியே இங்கயும் எல்லாம் முறையா செஞ்சேன் மேடம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். காலையிலிருந்து யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை அவன்.

"மருந்தை எப்படி உறைய வைப்பீங்க?" என்று ஜொவிட்டாவிடம் கேட்டார் தங்கம்.

"குப்பியில ஊத்தி, நிமிர்த்தி வச்சு உறைய வைப்போம். உறைஞ்சப்புறம் தட்டோட படுக்கப் போட்டு அடுக்கிடுவோம். பெட்டி சின்னது, நிமிர்த்தி வைக்க இடம் பத்தாது."

"ஒண்ணே ஒண்ணு காட்டுங்க."

ஜொவிட்டா தடித்த கையுறை போட்டுக் கதவைத் திறந்தாள். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. அவள் எடுத்துக் கொடுத்த குப்பியைத் தங்கம் வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி, உள்ளே பனிக்கட்டி அடியிலிருந்து மூடி வரைக்கும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் காலி. ஜொவிட்டா அதைப் பார்த்தாள். பெட்டிக் கதவைச் சாத்த மறந்து நின்றாள்.

மர்சலினுக்குக் காரணம் விளங்கவில்லை. ஆனால் ஜொவிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்தது.

*

"எல்லாரும் உட்காருங்க," என்றார் தங்கம். யாரும் உட்காரவில்லை.

"முதல்ல மருந்து. நிமிர்த்தி வச்சு உறைஞ்ச மருந்து குப்பியோட அடியிலதான் இருக்கணும். அப்புறம் படுக்கப் போட்டாலும் கட்டி அங்கயேதான் இருக்கும். இதுல பக்கவாட்டுல நீளமா ஒட்டியிருக்கு. அப்படின்னா படுத்திருக்கும்போதே உருகித் தண்ணியாகி, மறுபடி உறைஞ்சிருக்கு. போன்ல பேசினவன் பொய் சொல்லல. மருந்து போயிடுச்சு."

மர்சலின் உறுதிமொழித் தாள் இருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"ஹைதராபாத்காரன் ஆளு வச்சு..." என்று ஆரம்பித்தான் அமீன்.

"அவன் எதுக்குத் தம்பி அணைச்சுட்டுத் திரும்ப வந்து போடணும்? அப்படியே விட்டிருந்தா அவனுக்கு லாபம். அதுவும் போகட்டும். இந்த ரெகார்டரைப் பூஜைக்காக அணைச்சாங்கன்னே வச்சுக்குவோம். வியாழக்கிழமை மூணு மணிக்கு யார் போட்டது? ஈ காக்கா வரலன்னு சார் சொன்னாரு. மெயின் இறங்கினப்ப பெட்டியும் ரெகார்டரும் சேர்ந்து நின்னுது. மெயினை ஏத்தினப்ப ரெண்டும் சேர்ந்து ஓட ஆரம்பிச்சுது. ஏத்தினவர்கிட்ட சாவி இருந்துச்சு, ஏன்னா பூட்டு உடையல."

தங்கம் குளிர்பெட்டிக் கதவருகே போய் நின்றார்.

"பனி உருகி இந்தத் தேய்ஞ்ச ரப்பர் வழியா வழிஞ்சிருக்கும். கதவெல்லாம் தண்ணி, குங்குமம் கரைஞ்சு கோடா இறங்கியிருக்கும். வந்தவர் தரையைத் துடைச்சாரு, கதவையும் துடைச்சாரு. துடைச்சப்புறம் பார்த்தா பொட்டைக் காணோம். எல்லாத்துலயும் பொட்டு இருந்து இதுல மட்டும் இல்லைன்னா யாராவது கேப்பாங்க. தட்டு பக்கத்துலயே இருந்துச்சு. வச்சுட்டாரு. ஆனா பொட்டைக் காலமெல்லாம் பார்த்திருக்காரே தவிர, தன் கையால ஒருநாளும் வச்சதில்ல. சந்தனத்தை வச்சு அது மேல குங்குமம் வைப்பாங்க. இவர் குங்குமத்தை வச்சு அதுமேல சந்தனத்தை வச்சிருக்காரு. பாலகணேஷ் கை அப்படித் தப்பாது. பத்து வருஷம் பழகின ஜொவிட்டா கையும் தப்பாது. மிச்சம் ஒரு சாவிதான்."

மர்சலின் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

"மெயினை இறக்கினது சார் இல்ல," என்று தங்கம் திரும்பினார். "தி. நகர்க் கடைகள்ல பூஜை முடிஞ்சு, பூசணிக்காய் உடைச்சதும் மெயினை இறக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. கருவிக்கு அன்னிக்கு ஓய்வு. அப்படித்தானே பாலகணேஷ்?"

அவன் உடைந்துவிட்டான். "வேணும்னு பண்ணல மேடம். கை தானா இறக்கிடுச்சு. இன்னிக்குக் காலைல பல்லு விளக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. ஓடி வந்து பார்த்தா மெயின் ஏறியிருக்கு, பெட்டி ஓடுது. யாரோ பார்த்துட்டு, ஏத்திட்டு, சும்மா இருக்காங்க. யாருன்னு தெரியாம யார்கிட்ட சொல்றது? கடைக்குப் போனேன். மர்சலின் மேடம் கையெழுத்துப் போடப் போறாங்களேன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. என் குரல் தெரிஞ்சிடும்னு, வாசல்ல ஆட்டோ ஓட்டுற ஷரீஃப் பாய்கிட்ட சொல்லிப் பேச வச்சேன்."

"அந்த 'எதை எடுத்தாலும் நூறு' உங்க தெருதான்," என்றார் தங்கம். "மிரட்டுறவன் 'உன்னை என்ன செய்யறேன் பாரு'ம்பான். இவன் 'மாட்டினா நீ உள்ள போவ'ன்னான். அது மிரட்டல் இல்லம்மா. உங்களைக் காப்பாத்தப் பார்த்த பேச்சு."

இப்போதுதான் மர்சலின் திரும்பினாள். ஃபிரெட்ரிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரை மணியில் பத்து வயது கூடியிருந்தது.

"உருகிச்சான்னு நான் பார்க்கல," என்றார் மெதுவாக. "ஒரு குப்பியைக்கூட எடுத்துப் பார்க்கல. ஒருவேளை உருகாம இருந்திருக்கலாம்னு..."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாது சார்," என்றார் தங்கம். குரலில் கோபம் இல்லை.

"புது மருந்து செய்ய நாலு மாசம் ஆகும். பணம் பொங்கலோட முடியுது. உண்மையைச் சொன்னா ஒரு பைசா வராது. தவணை வந்துட்டா சத்தமில்லாம மாத்தி வச்சிடலாம்னு நினைச்சேன்."

"திங்கட்கிழமை?" என்றாள் ஜொவிட்டா. "அந்த நாற்பது பேரு?"

ஜொவிட்டா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். திங்கட்கிழமை யாருக்கும் மருந்து வைக்க வேண்டாம் என்று அவள் மருத்துவமனைக்குச் சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

மர்சலின் அண்ணன் எதிரே போய் நின்றாள். சாந்தோமில் கடலைப் பார்த்த வீட்டில், அலைக்குப் பயந்து அழுத நாளெல்லாம் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டவர். இந்த ஊரில் அவளுக்குப் பயமில்லாத ஒரே ஆள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். அந்த உறுதிமொழியில உன் கையெழுத்து கிடையாது. என்னோடது மட்டும்தான். இது வெளிய வந்தா உள்ள போறது நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடு என்று அவள் மனம் கெஞ்சியது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு.

"தெரியும்," என்றார் ஃபிரெட்ரிக்.

காலையிலிருந்து யாரோ ஒரு முகம் தெரியாதவனுக்குப் பயந்து தெருத்தெருவாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் ஆட்டோக்காரன், முன்பின் தெரியாதவன், தன் நல்லதுக்குச் சொன்னவன். இப்போது அவளுக்கு வந்த பயம் வேறு. அதற்கு இனிமேல் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

கடிகாரத்தில் மூன்றேகால். அவள் கைப்பையைத் திறந்து அந்த உறுதிமொழித் தாளை எடுத்தாள். நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"புதன்கிழமையிலிருந்து நடந்ததை எழுது. ஒண்ணு விடாம. நாலு மணிக்கு அவங்க முன்னாடி நீயே படிக்கணும். புதுசா செய்ய எவ்வளவு நாள், எவ்வளவு பணம்னு அதுக்குக் கீழ நான் போடறேன். குடுத்தா குடுக்கட்டும், இல்லைன்னா மூடிடலாம்."

"மர்சி..." என்றார் அவர்.

"எழுது."

ஃபிரெட்ரிக் எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதி அடித்தார், மறுபடி எழுதினார். பாலகணேஷ் தயங்கித் தயங்கி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மர்சலினுக்குப் பின்னால் போட்டான். அண்ணன் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை அவள் அதில் உட்காரவில்லை.