கனிமீடின் கலன்கூட்டத்தில் ஓர் ஓட்டை

வியாழனின் நிலவான கனிமீடில் இருக்கும் குடியிருப்பில் காற்றைக் கவனிக்கும் நிரல் ஒன்று காலைப் பலகார நேரத்தில் செத்துப்போனது. யாரும் தோசையைக் கீழே வைக்கவில்லை. அடுத்த மூச்சு இழுப்பதற்குள் வேறொன்று பிறந்து வேலையை எடுத்துக்கொண்டது. அங்கே தினமும் நடப்பதுதான்.

எல்லாம் கணினிப் பொறியாளர் இன்பவல்லியின் கைவண்ணம். காற்று, தண்ணீர், கதவு என ஒவ்வொரு வேலைக்குமான நிரலைத் தனித்தனிக் கலனில் அடைத்து, மேகக் கணினியில் பரப்பி, அவற்றை மேய்க்க ‘ஒருங்கி’ என்றொரு மேஸ்திரி நிரலையும் வைத்திருந்தாள். ஒரு கலன் செத்தால் ஒருங்கி இன்னொன்றை எழுப்பும். காற்றுக் கலனுக்கும் கதவுக் கலனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தேவைக்கு மேல் ஒரு சாவி எவரிடமும் கிடையாது. மனுஷி அவ்வளவு கறார்!

காரணம் இருந்தது. பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் குடியிருப்புக்குள் குழந்தைகளை அனுமதிப்பார்கள். அவள் மகள் குயிலி, ஏழு வயது, பூமியில் அத்தை வீட்டில் காத்திருந்தாள். அங்கிருந்து கிளம்பவிருக்கும் இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது மூன்று வருஷம் கழித்துத்தான். வல்லி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சோதிக்க வந்த ரோபோவின் பெயர் துளைப்பான். ஒரு வாரம் முட்டி மோதியது. போலிக் கலன்களை அனுப்பிப் பார்த்தது. ஒருங்கி வாசலிலேயே விரட்டியடித்தது. கடைசியில் சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தது. வல்லியின் கணவன் சேந்தன் இளகிய மனசுக்காரன். பாவம், களைத்திருக்கிறது என்று உட்காரவைத்துச் சார்ஜ் போட்டான்.

“தோத்துட்டேன்க்கா. இப்படி ஒரு கட்டுமானத்தை எந்தக் கோள்லயும் பாத்ததில்ல. எப்படிக்கா யோசிச்சீங்க?” என்றது துளைப்பான்.

வல்லிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கே எந்தப் பூட்டு, எதற்கு எந்தச் சாவி என்று ஆசை ஆசையாக விளக்கினாள். வாயால் சொன்னது போதாதென்று, ஒருங்கியின் தலைமைச் சாவியைப் போட்டுத் திறந்தே காட்டினாள்.

துளைப்பான் எழுந்து நின்றது. கலன்கூட்டத்தில் ஓட்டையே இல்லை, அதைக் கட்டியவரிடம்தான் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னது. வல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதாள். பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டாளே!

“அழாதீங்கக்கா. உங்க பொண்ணுக்கும் சேதி அனுப்பினேன். எவ்வளவோ கொஞ்சிப் பாத்தேன், வீட்டுக் கதவோட பூட்டு எண்ணைக்கூடச் சொல்லல. யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கன்னு பதில் போட்டா.”

ஆகவே குயிலியை இந்தக் கப்பலிலேயே வரவழைத்து, தலைமைச் சாவியை அவளிடம் ஒப்படைப்பது என்று துளைப்பான் முடிவு செய்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வல்லி சிரித்தாள். அவள் வந்து சேரும்வரை என்ன செய்வது என்று கேட்டாள்.

“அதுவரைக்கும் அக்காவை யாரும் பாராட்டாம பாத்துக்கணும்.”

சேந்தனுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

“அவ்வளவுதானே? கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தானே இருக்கோம்” என்றான்.