நானூற்றுப் பன்னிரண்டு மூச்சு

நானூற்றுப் பன்னிரண்டு மூச்சையும் வெட்டி எறிந்த பிறகும் அத்தியாயப் பதிவின் நீளம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. திரையின் மூலையில் அதே முப்பத்தைந்து நிமிடம்.

ஒரு பொது வானொலியில் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது அவன் வேலை. அதனால் எல்லாருக்கும் அவன் கத்திரி. அங்கங்கே தொட்டுக் கேட்டுப் பார்த்தான். அக்காவின் குரல் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது. இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை, ஒரு வாக்கியத்தின் வாலை அடுத்த வாக்கியம் பிடித்துக்கொண்டு ஓடியது. கணக்குப்படி இருபத்தெட்டு நிமிடம்தான் வரவேண்டும். மிச்ச ஏழு கணினியின் கிறுக்கு என்று விட்டுவிட்டான்.

இரவு எட்டு மணிக்கு வரும் நிகழ்ச்சி அது. முதல் பாதி ஜாஸ், மறுபாதி நாவல் வாசிப்பு. ஏழு வாரமாக அக்காதான் வாசித்தாள். தொடங்கும்போது வெறும் இருமல். முடிக்கும்போது நுரையீரல் பாதி போயிருந்தது. இன்று கடைசி அத்தியாயம். அதைக் கேட்காமல் போகமாட்டேன் என்று வீட்டில் படுத்துக் கிடக்கிறாள்.

"மூச்சை வெட்டாதடா," என்று பதிவு முடிந்த அன்று சொன்னாள். "ஆளு படிச்ச மாதிரி இருக்கட்டும். உன் கைவரிசைய என்கிட்ட காட்டாத."

நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு வேறு கவலை. "ஆஸ்பத்திரி வார்டுல உக்காந்து கதை கேக்குற மாதிரி இருக்குன்னு நேயர்கள்லாம் எழுதறாங்கப்பா. தொடச்சு விட்டுடு."

சாக்ஸபோன்காரன் இரண்டு வரிக்கு நடுவில் மூச்சு இழுத்தால் அது கலை. அக்கா இழுத்தால் நோய். கத்திரி வாதாடவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்ட நாளிலிருந்தே அவன் எதற்கும் வாதாடுவதில்லை. துடைத்துவிட்டான்.

கடைசி ஜாஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குளிரூட்டியின் முனகலும் சூடேறிய கம்பிகளின் வாசனையும் கட்டுப்பாட்டு அறையை அடைத்திருக்க, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், விளக்கணைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில், அக்கா உட்கார்ந்த நாற்காலியும் தலை குனிந்த மைக்கும், அவள் விட்டுப்போன கடைசிப் பக்கம் கிடந்த மேசையும் நிழலுக்குள் நிழலாகத் தெரிந்தன. பாட்டு தேய்ந்தது. அக்காவின் குரலை ஏற்றிவிட்டான்.

பாதி அத்தியாயத்தில் அவன் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ள, உங்க அக்கா ரேடியோகூடச் சேந்து படிக்கிறாடா."

"நல்லதுதானே மாமா."

"நேத்துலருந்து தண்ணி கேக்கக்கூட வாய் வரல. இப்ப மளமளன்னு கொட்டுறா. அதே வரி, அதே வேகம்." குரல் தாழ்ந்தது. "நடுவுல மூச்சே விடலடா."

கைப்பேசிக்குள் இரண்டு குரல்கள் ஒட்டிக்கொண்டு கேட்டன. ஒன்று வானொலி. இன்னொன்று அதைவிடச் சுத்தமாக இருந்தது.

"நெஞ்சு மேல கை வச்சுப் பாத்தேன். ஏறல, எறங்கல. நீ என்னடா பண்ணி வச்சிருக்க?"

கத்திரி திரையின் பக்கம் திரும்பினான். வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம் என்று வெட்டுத் துண்டுகளைத் தேடினான். அந்த இடம் காலியாக இருந்தது.

கதை முடிந்தது. இருபத்தெட்டாவது நிமிடம். திரையில் ஓடிய கடிகாரம் நிற்கவில்லை. இன்னும் ஏழு நிமிடம் என்றது.

முதல் மூச்சு வந்தது.

உள்ளிழுப்பு. ஈரமாக, கரகரப்பாக. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று. அவன் வெட்டியவை எல்லாம் உள்ளிழுப்புதான். வெளியே விட்ட மூச்சு ஒன்றுகூட இல்லை.

ஒலியைக் கீழே இழுத்தான். நிற்கவில்லை. பதிவை நிறுத்தினான். நிற்கவில்லை. பத்து நொடி அமைதி விழுந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. எதுவோ இன்னும் ஒலிபரப்பில் போய்க்கொண்டிருந்தது.

காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

அப்போதும் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"மாமா, ரேடியோவ அணைங்க."

"அணைச்சிட்டேன்டா." மாமா அழுதுகொண்டிருந்தார். "அவ நிறுத்தல. மொத வரியிலருந்து மறுபடி ஆரம்பிச்சிட்டா."

கூடத்தில் மேசைமேல் காகிதத்தின் ஓரம் எழும்பியது. காற்றில்லை. ஜன்னல் இல்லை.

இன்னொரு இழுப்பு. பக்கம் மேசையை விட்டுக் கிளம்பியது. நாற்காலிக்கு மேலே போனது. உட்கார்ந்த ஆளின் முகம் இருக்கும் உயரம்.

நின்றது.

கடிகாரம் பூஜ்யம் காட்டியது. மூச்சு தொடர்ந்தது. கைப்பேசியில் அக்கா வாசித்தாள், இடைவெளியே இல்லாமல், அவன் வெட்டிக் கொடுத்தபடியே. கண்ணாடிக்கு அப்பால், ஒன்றுமில்லாத இடத்தில் அப்பிக்கிடந்தது காகிதம். நடுவில் ஒரு குழி. வாயளவு. ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே.