ஐந்து நாள் சைக்கிள்

கமலாட்சிக்குப் பஸ்ஸின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் நன்றாகத் தெரியும்.

திருப்பருத்திக்குன்றத்தில் அவள் கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பஸ் நிற்காது. முந்தைய ஊர்களிலேயே அது நிறைந்துவிடும். படிக்கட்டிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

"பின்னாடி வருது பாப்பா, பின்னாடி வருது!" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே போவார். பின்னால் வருவது புழுதி மட்டும்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த பள்ளிக்கு அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் மணி அடித்திருக்கும். ஆறாம் வகுப்புக்கு முதல் பாடம் கணக்கு. அவளுக்கு மிகவும் பிடித்த பாடம். வாரத்தில் மூன்று நாள் அதைக் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டாள்.

மார்கழி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆதிகேசவன் கையில் ஒரு கடிதத்துடன் உட்கார்ந்திருந்தார்.

"பெரிய டீச்சரம்மா எழுதிக்கிறாங்க. இப்படி அடிக்கடி லேட்டா வந்தா எப்படின்னு கேக்கறாங்க. அஞ்சாவது வரைக்கும் நம்ம ஊர்லயே படிச்சிட்ட. அது போதும்மா."

கமலாட்சி எழுந்து நின்றாள். "பஸ்ஸு நிக்கலைன்னா நான் என்னாப்பா செய்வேன்? சைக்கிள்ல போறேன்பா!"

வீட்டில் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. ஊருக்கு வந்துபோன நர்ஸம்மா மாற்றலாகிப் போனபோது அப்பா வாங்கிப் போட்டது. களத்து மேட்டில் விழுந்து எழுந்து கமலாட்சி அதை ஓட்டக் கற்றிருந்தாள்.

"பொட்டப் புள்ள டவுனுக்கு சைக்கிள் உட்டுக்கினு போறதா?" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மா கிருஷ்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏன், நர்ஸம்மா பொம்பளை இல்லியா? அன்னிக்கி மழையில அவங்க பிரசவம் பாக்க அந்த சைக்கிள்ல வரலைன்னா, உங்க பொண்ணும் இல்ல, நானும் இல்ல!"

அப்பா காதைச் சொறிந்தார்.

"சரி, அஞ்சு நாள் பாக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மாகிட்ட, நேரத்துக்கு வந்தேன்னு எழுதி வாங்கிக்கினு வா. ஒரு நாள் லேட்டானாலும் சைக்கிள் பரண் மேல ஏறிடும். படிப்பும் நின்னுடும்."

திங்கள் முதல் வியாழன் வரை கமலாட்சி மணி அடிப்பதற்கு முன்பே பள்ளியில் இருந்தாள்.

தினமும் வழியில் ஒரு பச்சை நிறக் கார் அவளை முந்திக்கொண்டு போகும். அதில் ரைஸ்மில்காரர் மகள் அலமு இருப்பாள். அதே ஊர், அதே வகுப்பு. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவாள்.

"ஏய் கமலாட்சி! உன் சைக்கிள் கீச்சு கீச்சுன்னு அழுவுதே, பசிக்குதா அதுக்கு?"

"ரெண்டு சொட்டு எண்ணெய் போதும் அதுக்கு! உங்க காரு மாதிரி டப்பா டப்பாவா குடிக்காது!"

வெள்ளிக்கிழமை வந்தது. அரையாண்டுப் பரீட்சை தொடங்கும் நாள். எதிரில் வரும் மாடு தெரியாத அளவுக்குப் பனி.

பிள்ளையார்பாளையம் வந்ததும் கமலாட்சி பிரேக்கைப் பிடித்தாள். தெருவின் நடுவே பாவு விரித்திருந்தார்கள்.

புடவையின் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. தெரு நெடுக அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, காய வைப்பார்கள். காயும்வரை அசைக்கக் கூடாது. யார் வந்தாலும் காத்திருக்க வேண்டும். அது அந்தத் தெருவின் வழக்கம். மற்ற நாட்களில் எட்டரை மணிக்கெல்லாம் பாவைச் சுருட்டிவிடுவார்கள். அன்று ஒன்பது தாண்டியும் கஞ்சி காயவில்லை.

பாவுக்கு முன்னால் பச்சைக் கார் நின்றது. அதன் பின்னால் வைக்கோல் ஏற்றிய இரண்டு மாட்டு வண்டிகள். கார் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. டிரைவர் கலியாணசுந்தரம் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"ஹாரன் அடிச்சா கஞ்சி காஞ்சிடுமா டிரைவரே?" என்றாள் பாவுக்காரி பெரியநாயகி. "அப்படின்னா நல்லா அடிங்க. அடுத்த தெருவுலயும் நாலு பாவு ஈரமா இருக்குது!"

"நேத்தெல்லாம் இந்நேரம் சுருட்டிட்டீங்களேம்மா!"

"நேத்து சூரியன் நேரத்துக்கு வந்தாரு. இன்னிக்கி அவரே லேட்டு!"

தெருவே சிரித்தது. கமலாட்சியும் சிரித்தாள். பாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகும் இடம் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதில் நுழைந்தாள்.

"பாவாடைய ஒதுக்கிக்கினு போ கண்ணு. நூல்ல பட்டுடப் போவுது," என்றாள் பெரியநாயகி.

நாலு அடி வைத்ததும் கமலாட்சி திரும்பிப் பார்த்தாள். கார் ஜன்னலில் அலமுவின் முகம் தெரிந்தது. அவள் இன்று கேலி செய்யவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நடந்து போனால் பரீட்சை தொடங்கிவிடும்.

தனியாகப் போனால் கமலாட்சி நேரத்துக்குப் போய்விடலாம். அலமுவை ஏற்றிக்கொண்டால்?

மறுமுனைக்கு வந்தாள். அங்கே சின்னப் பிள்ளையார் கோயில் இருந்தது. "பிள்ளையாரப்பா, இன்னிக்கி ஒரு நாள்தான் பாக்கி. ஆனா அவ அழுவுறாளே," என்றாள் கமலாட்சி.

பிள்ளையார் என்ன சொல்வார் என்பது அவளுக்கே தெரியும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

"அலமு, இறங்கி வா. பின்னாடி குந்திக்கோ."

"உன்... உன் சைக்கிள்லயா?"

"ஆமா. எண்ணெய் போட்டேன், அதுவே அழுகைய நிறுத்திடுச்சு. நீ எதுக்கு அழுவுற?"

அலமு கனமாகத்தான் இருந்தாள். கமலாட்சிக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளில் இரண்டு பேர் போனால் போலீஸ்காரர் பிடித்து டயரின் காற்றை இறக்கிவிடுவார். கடைத்தெரு முனையில் அவர் நிற்பது தெரிந்ததும் இருவரும் இறங்கி, நல்ல பிள்ளைகளாக நடந்தார்கள்.

"நில்லுங்க," என்றார் போலீஸ்காரர். "எங்க இறங்கினீங்க?"

அலமு கமலாட்சியின் கையைக் கிள்ளினாள். ஆனால் கமலாட்சிக்குப் பொய் வரவில்லை.

"அந்த முக்குல, சார்."

"எங்க ஏறுவீங்க?"

"அடுத்த முக்குல, சார்."

போலீஸ்காரர் மீசைக்குள் சிரித்தார். "நெஜத்தைச் சொன்னதால காத்து தப்பிச்சுது. ஆனா டபுள்ஸ் கூடாது. பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தே போங்க."

நடக்கவில்லை, ஓடினார்கள். ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணில் பட்டதும் ஓடியபடியே கமலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வாசலில் தலைமை ஆசிரியை ஜெயம்மாள் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இரண்டு நிமிஷம் தாமதம்."

"என்னாலதான் டீச்சர்!" என்று அலமு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், போலீஸ்காரரைக்கூட விடாமல்.

"முதலில் போய்ப் பரீட்சை எழுதுங்கள்," என்றார் ஜெயம்மாள்.

சாயங்காலம் அவர் ஒரு தாளில் எழுதி, மடித்துக் கொடுத்தார். அதைப் பிரித்துப் பார்க்கக் கமலாட்சிக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அப்பா அதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்தார்.

"நான்கு நாள் சரியான நேரம். வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம் தாமதம். காரணம், பாவுக்கு முன்னால் நின்றுபோன காரிலிருந்த பெண்ணை உங்கள் மகள் பரீட்சைக்கு அழைத்து வந்தாள். மீதிக் காரணம், போலீஸ்காரரிடம் உண்மையைச் சொன்னாள்."

அப்பா மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து போய் சைக்கிளைத் தூக்கினார். கமலாட்சி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

தொப்பென்று சத்தம். கண்ணைத் திறந்தாள். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரண் மேலயாப்பா?" என்றாள் மெல்ல.

"எதுக்கு? பஸ்ஸு நிக்கவே மாட்டேங்குது. காரு நின்னா நவுர மாட்டேங்குது. இதுதான் நிக்க வேண்டிய எடத்துல நிக்குது, போவ வேண்டிய எடத்துக்குப் போவுது. நீ இதுலயே போ." பிறகு திரும்பி, "செயின் லூசா இருக்குது. அந்த ஸ்பேனரை எடு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை களத்து மேட்டில் பச்சைக் கார் வந்து நின்றது. அலமு இறங்கினாள்.

"எனக்கும் கத்துக்குடுப்பியா, கமலாட்சி?"

கமலாட்சி அவளைத் தன் சைக்கிளில் ஏற்றிவிட்டு, முன்னால் வழி காட்டினாள். டிரைவர் கலியாணசுந்தரம் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"அண்ணே, விட்டுடாதீங்க! புடிச்சிக்கினே வாங்க!" என்று கத்தினாள் அலமு.

மூன்றாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. சீட்டை விட்டுவிட்டு, காரின் மேல் சாய்ந்துகொண்டு, "அப்பாடா! கார் ஓட்டறதே சுலபம்!" என்றார்.

அவர் சொன்னது காதில் விழாமல், தனியாகவே நான்காவது சுற்றில் போய்க்கொண்டிருந்தாள் அலமு.